பேக்கப்புக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குப் போய் "பேக்கப் எடுக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் "எத்தனை டிபி (டெராபைட்)?" என்று மட்டும்தான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கி வருபவர்களில் பலர், அதை இரண்டு மாதம் பயன்படுத்திவிட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் லேப்டாப் ஆன் ஆகாமல் போகும்போது, அந்த டிஸ்க்கில் ஒன்றரை வருடத்துக்கு முந்தைய படங்கள் மட்டும் இருக்கும்.

முதன்முறையாக டிஸ்க் வாங்குபவர்களுக்காகவும், வாங்கியும் ஒழுங்காகப் பயன்படுத்தாமல் விட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை கூடிய ஒரு டிஸ்க்கைவிடச் சாதாரணமான இரண்டு டிஸ்க்குகள் மேல். கீழே வரும் எல்லாமே இந்த முடிவை ஒட்டித்தான் போகும்.

வாங்கும் முன் ஒரு விஷயம்

பேக்கப் என்றால் இரண்டாவது பிரதி. லேப்டாப்பில் இடம் இல்லை என்று படங்களையெல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பிலிருந்து அழித்துவிடுகிறோமே, அது பேக்கப் இல்லை. அப்போதும் படம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முன்பு லேப்டாப்பில் இருந்தது, இப்போது கீழே விழக்கூடிய சின்னப் பெட்டி ஒன்றில் இருக்கிறது. டேட்டாவை இழந்தவர்களிடம் பேசிப் பார்த்தால், பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். "ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா வெச்சிருந்தேன், அது திடீர்னு போயிடுச்சு" என்பார்கள். ஆகவே இடம் பற்றாமல் படங்களை மாற்றுகிறீர்கள் என்றால், அந்த டிஸ்க்குக்கும் ஒரு பிரதி வேண்டும்.

கூகுள் போட்டோஸ், ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்புகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை இருப்பது நல்லதுதான். ஆனால் அவை பெரும்பாலும் ஒத்திசைவு முறையில் வேலை செய்கின்றன. போனில் ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான். ஆக, கையில் ஒரு டிஸ்க் இருந்தே ஆக வேண்டும்.

முதல் வேலை: உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?

விண்டோஸில் ‘திஸ் பிசி’யைத் திறந்து சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். எவ்வளவு இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். அதில் விண்டோஸும் மென்பொருள்களும் பெரும்பங்கு எடுத்திருக்கும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் பகுதி. அதன் அளவையும் தனியாகப் பாருங்கள். டி டிரைவ் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்கில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘ஸ்டோரேஜ்’ என்று போனால் கணக்கு கிடைக்கும்.

அப்புறம் வீட்டில் இருக்கும் போன்களைக் கணக்கில் சேருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இப்போதெல்லாம் கணினியைவிடப் போனில்தான் படங்கள் அதிகம். ஐபோனில் 4கே தரத்தில் நொடிக்கு 60 பிரேம் வைத்து எடுத்தால், ஒரு நிமிட வீடியோவுக்குச் சுமார் 400 எம்பி ஆகும். ஒரு மணி நேரக் கலைநிகழ்ச்சியைப் படம் பிடித்தால் 24 ஜிபி.

ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். 512 ஜிபி லேப்டாப்பில் சொந்தக் கோப்புகள் 180 ஜிபி. இரண்டு போன்களிலும் சேர்த்து 130 ஜிபி. பழைய சிடிக்கள், பென் டிரைவ்கள் எல்லாவற்றையும் திரட்டினால் இன்னொரு 40 ஜிபி. மொத்தம் 350 ஜிபி. வருடத்துக்கு 100 ஜிபி கூடுகிறது என்று வைத்தால், ஐந்து வருடத்தில் 850 ஜிபி ஆகிவிடும். பேக்கப் மென்பொருள் ஒரு கோப்பின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும், அதற்கும் இடம் வேண்டும். மேக்கோடு வரும் பேக்கப் மென்பொருளான டைம் மெஷினுக்கு எடுக்கும் டிஸ்க், மேக்கின் கொள்ளளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. விண்டோஸுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

இந்த வீட்டுக்கு 2 டெராபைட், அதாவது 2000 ஜிபி, சரியாக இருக்கும். பெரும்பாலான வீடுகளுக்கும் அதுதான் என் பதில். 1 டெராபைட்டுக்கும் 2 டெராபைட்டுக்கும் விலை வித்தியாசம் வழக்கமாக இரண்டு மடங்கு இருக்காது, ஆகவே 1 டெராபைட் வாங்குவதில் பெரிய மிச்சம் இல்லை. கல்யாண வீடியோ எடுப்பவர், தொடர்ந்து வீடியோ எடிட் செய்பவர் என்றால் 4 அல்லது 5 டெராபைட் பக்கம் போகலாம்.

வாங்கி வந்து விண்டோஸ் கணினியில் சொருகியதும் 2 டெராபைட் டிஸ்க் 1.81 என்று காட்டும். 1 டெராபைட் என்றால் 931 ஜிபி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் 1000 1000ஆகப் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024 1024ஆக வகுக்கிறது. இடம் எங்கும் போய்விடவில்லை.

சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு பூசிய வட்டத் தகடுகள் சுழல்கின்றன. கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. அந்தத் தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை படிக்கிறது, எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தகட்டில் உரசிவிடும். அதோடு டிஸ்க்கின் கதை முடிந்துவிடலாம். எஸ்எஸ்டி தகவலைச் சிப்களில் சேமிக்கிறது, அதில் அசையும் பாகமே கிடையாது. விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், சத்தம் இல்லை, வேகமும் பல மடங்கு.

வேகக் கணக்கைப் பாருங்கள். கையடக்க ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 எம்பி வரை எழுதும். 200 ஜிபி வீடியோக்களை நகலெடுக்க அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் மணிக்கணக்கில் இழுக்கும். எஸ்எஸ்டி இதே வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். ஆனால் இந்த நீண்ட காத்திருப்பு முதல் முறை மட்டும்தான். இரண்டாவது முறையிலிருந்து மாறிய கோப்புகள் மட்டும் போகும், அது எந்த டிஸ்க்கிலும் சீக்கிரம் முடிந்துவிடும். பேக்கப்புக்கு வேகம் அவ்வளவு முக்கியம் இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

எஸ்எஸ்டி பற்றி விளம்பரங்கள் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அதில் தகவல் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. மின்சாரமே கொடுக்காமல் நீண்ட காலம் கிடந்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும், வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகக் கசியும். வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டிகளுக்கு ஜெடெக் அமைப்பு வகுத்த தரநிலை கேட்பது, எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த ஒரு டிரைவ் 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தகவலைக் காப்பாற்ற வேண்டும் என்பதைத்தான். புதிய டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும். இருந்தாலும், வருடக்கணக்கில் திறக்காத அலமாரியில் கிடக்கப்போகும் பிரதிக்கு நான் சுழலும் டிஸ்க்கைத்தான் தேர்ந்தெடுப்பேன். கெட்டுப்போனால் மீட்பதிலும் வித்தியாசம் உண்டு. ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து மீட்கும் வேலை செலவு பிடித்தாலும் பல நேரம் முடிகிறது. எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சிப் போய்விட்டால் அதைவிடக் கடினம்.

விலையும் பார்க்க வேண்டும். ஒரே கொள்ளளவுக்கு எஸ்எஸ்டி கணிசமாகக் கூடுதல். ஒரு 2 டெராபைட் எஸ்எஸ்டி வாங்கும் பணத்தில் பெரும்பாலும் இரண்டு 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்.

ஆகவே வீட்டிலேயே இருக்கப்போகும் பேக்கப்புக்குச் சுழலும் டிஸ்க். தினமும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் எடுத்துப் போவீர்கள் என்றால் எஸ்எஸ்டி. மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: மேக் இயங்குதளத்தின் பிக் சர் பதிப்பிலிருந்து டைம் மெஷின் புதிய டிஸ்க்குகளை ஏபிஎஃப்எஸ் என்ற முறையில் வடிவமைக்கிறது, அது எஸ்எஸ்டியை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. சுழலும் டிஸ்க்கிலும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. கையில் பணம் இருந்தால் மேக்குக்கு எஸ்எஸ்டி நல்ல தேர்வுதான்.

சின்ன டிஸ்க்கா, பெரிய டிஸ்க்கா?

சட்டைப் பைக்குள் போகும் அளவில் இருப்பது 2.5 அங்குல வகை. யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். மேசையில் நிற்கும் புத்தக அளவுப் பெட்டி 3.5 அங்குல வகை. அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். எட்டு, பத்து டெராபைட் வேண்டும் என்றால் இரண்டாவதுதான் வழி. மற்றவர்களுக்குச் சின்னதே போதும். மின்சாரம் அடிக்கடி போய் வரும் ஊரில், யூபிஎஸ் இல்லாமல் பெரிய பெட்டியை வைத்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். லேப்டாப்பில் சொருகிய சின்ன டிஸ்க்குக்கு லேப்டாப்பின் பேட்டரியே துணை.

இன்னொரு தொழில்நுட்ப விவரம். கையடக்க டிஸ்க்குகளில் பெரிய கொள்ளளவு உள்ளவை பெரும்பாலும் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகின்றன. ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல் ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். இதனால் இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் ஏற்றும்போது வேகம் திடீரென்று விழுந்தால் காரணம் இதுதான், பழுது இல்லை. பேக்கப்புக்கு இது குறை ஆகாது. அதிலேயே கேம் போடுவது, வீடியோ எடிட் செய்வது என்றால்தான் தொல்லை.

போர்ட்டும் கேபிளும்

யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி போல்தான் போகும். மேலே சொன்ன 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யூஎஸ்பி 3.0 சுழலும் டிஸ்க்குக்குத் தாராளம். பெட்டியில் 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று எழுதியிருந்தால் மிரள வேண்டாம், மூன்றும் நொடிக்கு 5 ஜிகாபிட் வேகம் கொண்ட ஒரே சரக்குதான். உங்கள் கணினியில் உள்ளே நீல நிறம் தெரியும் போர்ட் பெரும்பாலும் அந்த வகை. எஸ்எஸ்டி வாங்கினால் மட்டும் 10 ஜிகாபிட் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கோடு வரும் குட்டைக் கேபிளையே பயன்படுத்துங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கப் போர்ட்டில் சொருகுங்கள். முன்பக்கப் போர்ட்டிலும், தனி மின்சாரம் இல்லாத மலிவு ஹப்பிலும் சொருகினால், டிஸ்க் சுழல வேண்டிய மின்சாரம் கிடைக்காமல் டிக் டிக் என்று சத்தம் போட்டுத் துண்டித்துக்கொள்ளக்கூடும். புது டிஸ்க் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்த்துவிடுங்கள்.

எந்தக் கம்பெனி?

இன்று உலகத்தில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவு 2011இல் சீகேட்டுக்குப் போனது. ஹிட்டாச்சியினுடையது 2012இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குப் போனது. வேறு எந்தப் பெயரில் ஹார்ட் டிஸ்க் விற்றாலும் உள்ளே இருப்பது இந்த மூவரில் ஒருவருடையதுதான். சீகேட் எக்ஸ்பான்ஷன், வெஸ்டர்ன் டிஜிட்டல் எலிமெண்ட்ஸ், தோஷிபா கேன்வியோ பேசிக்ஸ் ஆகிய மூன்றும் அலங்காரம் இல்லாத அடிப்படை மாடல்கள். பேக்கப்புக்கு இவை போதும். சீகேட் ஒன் டச், வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் போன்றவற்றில் கூடுதலாகக் கொஞ்சம் மென்பொருள், கடவுச்சொல் வசதி, நிறங்கள் கிடைக்கும்.

எந்தக் கம்பெனி டிஸ்க்கும் ஒருநாள் போகும். ‘அவங்க டிஸ்க் வாங்காதே, என்னோடது போயிடுச்சு’ என்று ஒவ்வொரு கம்பெனியைப் பற்றியும் சொல்ல ஒருவர் இருப்பார். அமெரிக்காவின் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளின் கணக்கை வெளியிடுகிறது. 2024இல் வருடத்துக்குப் பழுதான விகிதம் 1.57 சதவீதம். குளிர்சாதன அறையில் அசையாமல் ஓடும் டிஸ்க்குகளுக்கே நூற்றுக்கு ஒன்றரை. கம்பெனி தேடி அலைவதை நிறுத்திவிட்டு இரண்டாவது டிஸ்க்குக்குப் பணம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முடிந்தால் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக, வேறு வேறு நேரத்தில் வாங்கியதாக இருக்கட்டும். ஒரே நாளில் தயாரான இரண்டு ஒரே வகைக் குறையோடு வந்திருக்கலாம்.

வாரண்டி இரண்டு வருடமா, மூன்று வருடமா என்று பாருங்கள், மூன்று நல்லது. வாரண்டி என்றால் வேறு டிஸ்க் தருவார்கள், உங்கள் படங்களைத் தர மாட்டார்கள். தகவல் மீட்புச் சேவை சேர்ந்தே வரும் மாடல்களும் உண்டு. பெட்டியில் அது எழுதியிருந்தால் கூடுதல் நன்மை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பல கையடக்க டிஸ்க்குகளில் யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்ட் உடைந்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்ட முடியாது. கேபிளை இழுத்துச் சொருகாமல் மென்மையாகக் கையாளுங்கள்.

போலிகள்

‘16 டெராபைட் போர்ட்டபிள் எஸ்எஸ்டி, 1,500 ரூபாய்’ என்று ஆன்லைனில் கண்ணில் படும். அதைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுங்கள். உள்ளே இருப்பது 64 ஜிபி போல ஒரு சாதாரண மெமரி கார்டு. கணினியிடம் 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். இதன் கொடுமை என்னவென்றால், உடனே தெரியாது. கோப்புகள் போய்க்கொண்டே இருக்கும், பெயர்களும் தெரியும். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதியதெல்லாம் பழையதன் மேலேயே எழுதப்பட்டு நாசமாகியிருக்கும். திறக்கும் நாளில்தான் தெரியவரும்.

நேரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் வாங்குங்கள். ஆன்லைனில் விற்பவர் பெயரைப் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் போட்டால் இந்தியாவில் எதுவரை வாரண்டி என்று காட்டும். அங்கே காட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விலை குறைத்துக் கேட்கலாம், ஆனால் பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா, எண் பொருந்துகிறதா என்று கடையிலேயே போனில் சரிபார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

முதலில் விண்டோஸில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியைப் போட்டுப் பாருங்கள். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புது டிஸ்க்கில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் பழையதைப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். அடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியால் டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கலாம். லினக்ஸ், மேக்கில் எஃப்3. 2 டெராபைட்டுக்கு ஒரு இரவு முழுக்க ஓடும், ஓடட்டும். தொடக்கத்திலேயே கெட்டுப்போகும் டிஸ்க்குகள் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கும் நாட்களுக்குள் தெரிந்துவிடும்.

பிறகு ஃபார்மேட், அதாவது கணினி கோப்புகளை எழுதும் முறைக்கு டிஸ்க்கைத் தயார் செய்வது. விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ் முறை. மேக் மட்டும் என்றால் டைம் மெஷினே பார்த்துக்கொள்ளும், ஆனால் அது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் தொடங்கும். ஏற்கெனவே எதாவது போட்டுவைத்திருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. இரண்டுக்கும் பொதுவாக எக்ஸ்ஃபேட் இருக்கிறது, ஆனால் பாதியில் பிடுங்கினால் சீர்குலையும் வாய்ப்பு அதில் கூடுதல். வீட்டில் இரண்டு வகைக் கணினியும் இருந்தால் ஆளுக்கொரு டிஸ்க் வைப்பது நிம்மதி.

டிஸ்க்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். இரண்டாவது டிஸ்க் வரும்போது இது கைகொடுக்கும்.

பேக்கப்பை ஓடவிடுவது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபைல் ஹிஸ்டரி’ இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் தேடினால் கிடைக்கும். டிஸ்க்கைச் சொருகி, அதைத் தேர்ந்தெடுத்து ஆன் செய்தால், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் முதலியவற்றை மணிக்கொரு முறை பிரதி எடுக்கும், பழைய வடிவங்களையும் வைத்திருக்கும். டி டிரைவில் இருக்கும் ஃபோல்டரை அது தானாக எடுக்காது. அதை ‘லைப்ரரி’ என்ற விண்டோஸின் ஃபோல்டர் தொகுப்பு ஒன்றில் சேர்த்தால் எடுக்கும். பலர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள், முதல் பேக்கப் முடிந்ததும் டிஸ்க்குக்குள் போய் உங்கள் முக்கிய ஃபோல்டர்கள் எல்லாம் வந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். விண்டோஸ் 11இல் ‘விண்டோஸ் பேக்கப்’ என்று இன்னொன்று தெரியும். அது ஒன்டிரைவுக்கு அனுப்புவது, உங்கள் டிஸ்க்குக்கு இல்லை.

புது லேப்டாப்களில் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் உங்களைச் சரியாகக் கேட்காமலேயே ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். கோப்பின் பக்கத்தில் மேகம் படம் தெரிந்தால், அந்தக் கோப்பு இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது, உங்கள் கணினியில் இல்லை. வலது கிளிக் செய்து எப்போதும் இந்தக் கணினியிலேயே வைக்கச் சொல்லுங்கள், பிறகு பேக்கப் எடுங்கள்.

மேக்கில் டைம் மெஷினை ஆன் செய்தால் போதும், வேறு எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. லினக்ஸில் டேஜா டூப் என்ற பேக்கப் கருவி புதியவர்களுக்கு எளிது.

இதெல்லாம் சிக்கலாகத் தெரிந்தால், மாதம் ஒருமுறை கையால் நகலெடுங்கள். அன்றைய தேதியில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி, உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே போடுங்கள். இடம் வீணாகும்தான். ஆனால் புரிந்த முறையைத்தான் மனிதர்கள் தொடர்ந்து செய்கிறார்கள்.

போன் படங்களுக்குக் கேபிள் வழியாக இணைத்து ‘டிசிஐஎம்’ ஃபோல்டரை முதலில் கணினிக்கு எடுங்கள். வாட்ஸ்அப் படங்கள் அதற்குள் இருக்காது. ஆண்ட்ராய்டில் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்ற பகுதியில் வாட்ஸ்அப் தனியாக இருக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. டிஸ்க்கை வேறு ஒரு கணினியில் சொருகி, நாலைந்து படங்கள், ஒரு வீடியோ, ஒரு பிடிஎஃப் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். வருடத்துக்கு இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள்.

கழற்றி வையுங்கள், ஒன்றை வெளியே அனுப்புங்கள்

பேக்கப் முடிந்ததும் ‘எஜெக்ட்’ கொடுத்து டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அந்த வகை வைரஸ்கள் கணினியோடு இணைந்திருக்கும் எல்லா டிரைவையும் பூட்டும். எப்போதும் சொருகியே கிடக்கும் டிஸ்க் அதோடு சேர்ந்து போகும். இடி மின்னலுக்கும் இதே கதைதான்.

இப்போது இரண்டாவது டிஸ்க்குக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில், மேசை மேல் இருந்த கணினியும் கீழ்த்தட்டு அலமாரியில் இருந்த டிஸ்க்கும் ஒன்றாகவே நனைந்தன. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. திருட்டும் தீ விபத்தும் இதே மாதிரிதான், வீட்டில் இருக்கும் எல்லாப் பிரதிகளையும் ஒன்றாகப் பாதிக்கும். ஆகவே இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். அக்கா வீடு, சித்தப்பா வீடு, அலுவலக மேசை, எதுவானாலும் சரி. பண்டிகைக்குப் போகும்போது புது பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பதை வாங்கி வாருங்கள். நகை வைக்க வங்கி லாக்கர் இருந்தால் அது இன்னும் நல்லது, ஈரம் படாமல் ஒரு பூட்டும் பையில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் குரோ பரப்பிய 3-2-1 விதியின் முக்கியமான பாதி இதுதான்.

வெளியே போகும் டிஸ்க்கில் ஆதார், பான், வங்கி விவரங்கள் இருக்கும், கடவுச்சொல் போட்டுப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். விண்டோஸ் புரோ பதிப்பில் அதற்கு பிட்லாக்கர் என்ற வசதி இருக்கிறது. ஹோம் பதிப்பில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் புதிதாகப் பூட்டும் வசதி கிடையாது, அங்கே இலவசமான வெராகிரிப்ட் பயன்படுத்தலாம். டைம் மெஷினில் தொடக்கத்திலேயே கேட்கும். கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மறந்தால் திறப்பது பெரும்பாலும் முடியாத காரியம். குடும்பத்தில் யாருக்கும் இது சரிப்படாது என்று தோன்றினால், படங்களைப் பூட்டாமலும் ஆவணங்களை மட்டும் பூட்டியும் வையுங்கள்.

எப்போது மாற்றுவது?

ஐந்து வருடம் ஆனதும் புதிதாக ஒன்று வாங்கிவிடுவது என் வழக்கம், அதற்கு முன் அறிகுறி தெரிந்தால் உடனே. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நீல நிறம் மஞ்சளாக மாறினால், அதாவது மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் (செக்டர் என்பது டிஸ்க்கின் ஒரு சின்னச் சேமிப்புக் கட்டம்) என்ற வரிகளில் எண் கூடிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். டிக் டிக் சத்தம் வந்தால் திரும்பத் திரும்பச் சொருகிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அது பேக்கப் டிஸ்க்தான், அசல் கணினியில் இருக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கே இன்னொன்று வாங்கி முழுப் பேக்கப் எடுத்துவிடுங்கள். அதில் மட்டும்தான் இருந்தது என்றால் எதையும் தொடாமல் தகவல் மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள்.

ஓய்வு கொடுத்த டிஸ்க்கைப் பழைய பொருள் கடைக்குப் போடும் முன் அழிக்க வேண்டும். விண்டோஸில் ஃபார்மேட் செய்யும்போது ‘குவிக்’ என்ற டிக்கை எடுத்துவிட்டால், சுழலும் டிஸ்க் முழுவதும் பூஜ்யமாக எழுதப்படும். பல மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டிக்கு அந்தந்தக் கம்பெனியே தரும் அழிக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆன் ஆகாத டிஸ்க் என்றால் திருகுகளைக் கழற்றித் தகட்டில் நன்றாகக் கீறிவிடுங்கள். சில தகடுகள் கண்ணாடி, தட்டினால் சில்லுகளாகத் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். மிச்சத்தை மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.